சேட்டிலைட் படத்தில் எங்கள் குளம் காய்ந்து கிடக்கிறது, நேரில் தண்ணீர் நிற்கிறது

குளத்தாங்கரை (இழையைத் தொடங்கியவர்), ஞாயிறு இரவு

எல்லாருக்கும் வணக்கம். எனக்குத் திருநெல்வேலி மாவட்டம், மூலைக்கரைப்பட்டிப் பக்கம். எங்கள் ஊர்க் குளத்தைப் பற்றி ஒரு சந்தேகம் கேட்க வேண்டும்.

கூந்தன்குளம் எல்லாருக்கும் தெரியும். 1994-ல் பறவைச் சரணாலயம் ஆனது, இப்போது ராம்சர் என்ற உலக ஈரநிலப் பட்டியலிலும் இருக்கிறது. எங்கள் குளத்துக்கு அப்படி எந்தப் பட்டமும் கிடையாது. ஆனால் கூந்தன்குளத்தில் கூடு கட்டும் மஞ்சள்மூக்கு நாரைக்கு அங்கே கிடைக்கிற இரை மட்டும் போதாது. சுற்றுவட்டாரக் குளம் எல்லாவற்றிலும் போய் மேய்ந்துவிட்டுத்தான் குஞ்சுக்குக் கொண்டுபோகும். எங்கள் குளத்துக்கும் காலையில் கூட்டமாக வந்து இறங்கும். கரண்டிவாயன், அரிவாள்மூக்கன், கூழைக்கடா எல்லாம் வரும்.

பிசான நெல்லை அறுத்து முடிந்தால் வயலுக்குத் தண்ணீர் தேவையில்லை. பங்குனியில் மீன்பாசி குத்தகைக்காரர் மடையைத் திறந்துவிட்டு, அடித்தண்ணீரை வடித்து மீன் பிடிக்கிறார். சரியாக அந்த நேரத்தில்தான் கூட்டில் குஞ்சுகள் வாயைப் பிளந்துகொண்டு நிற்கும். வைகாசி வரை ஒரு பங்குத் தண்ணீரையாவது நிறுத்திவைக்க வேண்டும் என்று கிராம சபையில் இரண்டு தடவை சொல்லிவிட்டேன். "எந்த வருசம் எப்போது வற்றியது, கணக்கு இருக்கா?" என்று கேட்டார்கள். என்னிடம் இல்லை.

அதனால் சென்டினல்-2 என்ற செயற்கைக்கோளின் படங்களை இறக்கி, கியூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருளில் நீர்க்குறியீடு (தண்ணீரைப் பிரித்துக் காட்டுகிற கணக்கு) போட்டு, வருடாவருடம் தண்ணீர்ப் பரப்பு எப்படிச் சுருங்குகிறது என்று பார்த்தேன். பெரும்பாலான வருடங்கள் என் நினைவோடு ஒத்துப்போகின்றன. ஆனால் 2023 டிசம்பர் வெள்ளத்துக்கு அப்புறம் வந்த இரண்டு கோடையில் மட்டும் பிப்ரவரி இரண்டாம் வாரத்திலேயே குளம் முக்கால்வாசி காய்ந்துவிட்டதாகக் காட்டுகிறது. அது நடக்கவே இல்லை. அந்த மாசியில் மடையின் இரண்டாவது படி நனைந்திருந்ததை என் கண்ணால் பார்த்தேன். எங்கே தப்பு செய்கிறேன்?

(ஊர்ப் பெயரை வேண்டுமென்றேதான் விட்டிருக்கிறேன். குத்தகைக்காரரோடு சண்டை போடுவது நோக்கமில்லை.)

பொதிகைச்சாரல், ஞாயிறு இரவு

அண்ணாச்சி, வணக்கம். சொந்த ஊர் அம்பாசமுத்திரம், இப்போது வரைபட வேலையில்தான் பிழைப்பு. உங்கள் கணக்கில் தப்பு இருக்காது என்று நினைக்கிறேன். குளத்தில் ஏதாவது மிதக்கிறதா?

காரணம் இதுதான். நீங்கள் போட்ட நீர்க்குறியீடு, பச்சை ஒளியிலிருந்து அண்மை அகச்சிவப்பைக் கழித்து, இரண்டின் கூட்டுத்தொகையால் வகுப்பது. 1996-ல் மெக்ஃபீட்டர்ஸ் முன்வைத்த முறை. தண்ணீர் அகச்சிவப்பை விழுங்கிவிடும், இலை அதைப் பளிச்சென்று திருப்பி அனுப்பும். அதனால் தண்ணீர் என்றால் எண் பூஜ்யத்துக்கு மேலே, இலை என்றால் கீழே. தண்ணீருக்கு மேல் இலை படுத்திருந்தால்? மேலே இருப்பதுதான் கேமராவுக்குத் தெரியும்.

அண்மை அகச்சிவப்பைச் சிவப்பு நிறமாக வைத்து அதே படத்தைத் திறந்து பாருங்கள். குளத்துக்குள் ரத்தச்சிவப்பாக ஏதாவது தெரிந்தால் அது செடி. காய்ந்த தரை என்றால் சாம்பலும் பழுப்புமாகத் தெரியும்.

இன்னொன்று. சென்டினல்-2 படத்தில் ஒரு கட்டம் 10 மீட்டருக்கு 10 மீட்டர். நம் கணக்கில் கிட்டத்தட்ட இரண்டரை சென்ட். லேண்ட்சாட் என்ற இன்னொரு செயற்கைக்கோளின் கட்டம் 30 மீட்டர், அதாவது 22 சென்ட். குளம் பெரிதாக இருந்தால் பிரச்சினை இல்லை. ஓரத்தில் உள்ள கட்டங்களில்தான் பாதி தண்ணீர், பாதி சேறு என்று கலந்துவிடும். நாரை மேய்வது அந்த ஓரத்தில்தான் இல்லையா, அங்கே கவனம் வேண்டும்.

குளத்தாங்கரை, திங்கள் காலை

ஆகாயத்தாமரை! வெள்ளத்தில் கால்வாய் வழியாக வந்து சேர்ந்தது. முதலில் மேலக்கோடியில் ஒரு திட்டு மாதிரி இருந்தது. இப்போது மடைக்கு எதிரே வரைக்கும் பாய் விரித்த மாதிரி கிடக்கிறது. நீங்கள் சொன்ன மாதிரி நிறத்தை மாற்றிப் பார்த்தேன், குளத்தின் நடுவே சிவப்பாக எரிகிறது. இத்தனை நாள் இது தோன்றவே இல்லை. ரொம்ப நன்றி.

அப்படியென்றால் அந்த இரண்டு வருடத்தையும் கணக்கிலிருந்து எடுத்துவிடலாமா?

பொதிகைச்சாரல், திங்கள் காலை

எடுக்காதீர்கள். கரையையும் மறுகாலையும் (உபரித் தண்ணீர் வழிகிற இடம்) வைத்து குளத்தின் எல்லையை ஒரு தடவை சரியாக வரைந்துவிடுங்கள். அப்புறம் அதற்குள் நாலு வகை: திறந்த தண்ணீர், மிதக்கும் செடி, ஈரச் சேறு, காய்ந்த தரை. தண்ணீர் இருக்கிறது, இல்லை என்று இரண்டே வகையாகப் பிரித்ததுதான் சிக்கல்.

ஐப்பசி, கார்த்திகையில் மேகம் மறைத்தால் சென்டினல்-1 என்ற ஜோடிச் செயற்கைக்கோள்களின் ரேடார் படம் மேகத்தைத் தாண்டிப் பார்க்கும். 2021 டிசம்பரில் அந்த ஜோடியில் ஒன்று பழுதானதால் நடுவில் சில வருடங்கள் படங்களுக்கிடையே இடைவெளி அதிகம், அதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். மிதக்கும் செடி ரேடாரையும் ஏமாற்றும்.

கண்ணிச்சங்கிலி, திங்கள் மாலை

தம்பி குளத்தாங்கரைக்கு. நில அளவைத் துறையில் முப்பத்தோரு வருடம் இருந்து ஓய்வு பெற்றவன் நான். மேலே உள்ள தம்பி "குளத்தின் எல்லையை வரையுங்கள்" என்று சுலபமாகச் சொல்லிவிட்டார். அங்கேதான் கிராமத்தில் எல்லாம் கவிழும். நீங்கள் படத்தைப் பார்த்து வரைகிற எல்லை ஒன்று, வருவாய்த் துறையின் அ-பதிவேட்டில் குளம் என்று எழுதியிருக்கிற பரப்பு ஒன்று, இன்றைக்குத் தண்ணீர் ஏறுகிற பரப்பு ஒன்று. மூன்றும் ஒன்றாக இருக்கும் குளத்தை நான் அரிதாகத்தான் பார்த்திருக்கிறேன்.

புலப்படத்தை (ஒவ்வொரு சர்வே எண்ணுக்கும் உள்ள அளவை வரைபடம்) ஸ்கேன் செய்து கம்ப்யூட்டரில் படத்துக்கு மேல் ஒட்டவைக்கிறார்கள். பழைய புலப்படம் சங்கிலி பிடித்து அளந்தது. 66 அடிச் சங்கிலி, 100 கண்ணி. அன்றைக்கு அளந்தவர்கள் கவனமாகத்தான் அளந்தார்கள், ஆனால் அவர்கள் அளந்தது கல்லிலிருந்து கல்லுக்கு. கல் எங்கே என்று தெரியாமல் வரப்பையும் தென்னையையும் பார்த்து ஒட்டவைத்தால் 15, 20 மீட்டர் நகர்ந்துவிடும். அப்புறம் ஒருவர் வயல் குளத்துக்குள் இருப்பதாகத் தெரியும். அந்தப் படத்தை நீங்கள் கிராம சபையில் காட்டினால் பறவைப் பேச்சு அன்றோடு முடிந்தது, எல்லைச் சண்டை தொடங்கிவிடும்.

மூன்று ஊர் எல்லை கூடுகிற இடத்தில் கல் இருக்கும். அதைத் தேடுங்கள். பாலத்தின் மூலை, மறுகால் சுவரின் இரண்டு முனை, மடைத்தூண், இவை நகராதவை. குறைந்தது ஆறு புள்ளி வேண்டும், குளத்தின் நாலு பக்கமும் பரவி. போனில் எடுக்கும் இடக்குறிப்பு ஐந்தாறு மீட்டர் ஆடும். ஒவ்வொரு இடத்திலும் பத்து நிமிடம் நின்று எடுங்கள்.

முல்லைநிலம், திங்கள் இரவு

கண்ணிச்சங்கிலி ஐயா சொன்னது குளத்துக்கு மட்டுமில்லை. நான் நாங்குநேரி, ராதாபுரம் பக்கத்துப் பொட்டல் காடுகளில் பறவை பார்க்கப் போகிறவள். அந்த நிலத்துக்கு வரைபடத்தில் என்ன பெயர் தெரியுமா? தரிசு. தேசிய அளவில் வெளியிடப்படும் தரிசு நில வரைபடத் தொகுப்பில் "அடர்ந்த புதர் நிலம்", "திறந்த புதர் நிலம்" என்றே இரண்டு வகைகள் இருக்கின்றன. புதர் இருந்தால் தரிசு என்று பெயர் வைத்தாகிவிட்டது.

அதே இடத்தில் மார்கழியில் சாயங்காலம் ஐந்தரைக்கு உட்கார்ந்து பாருங்கள். மத்திய ஆசியாவிலிருந்து வந்த பூனைப்பருந்துகள் புல்லை ஒட்டித் தாழப் பறந்து, ஒவ்வொன்றாகத் தரையில் இறங்கி அடையும். மரத்தில் அடையாது, அதற்கு முழங்கால் உயரப் புல்தான் வேண்டும். கௌதாரி, ஆட்காட்டி, முயல், நரி எல்லாம் அங்கேதான். கிடை போடுகிற ஆடுகளுக்கும் அதுதான் மேய்ச்சல். போன வருடம் நான் வழக்கமாக உட்காரும் இடத்தில் கம்பி வேலி போட்டுச் சூரியத் தகடு நிறுத்திவிட்டார்கள். பட்டியலில் தரிசு என்று இருந்ததால் கேள்வி கேட்க ஆளில்லை. காட்டை வெட்டினால் நாலு பேர் கேட்பார்கள். நான் அன்றைக்கு அழுதுவிட்டேன்.

மறுபக்கம் பாருங்கள். இந்திய வன அளவை நிறுவனத்தின் கணக்கில் ஒரு ஹெக்டேருக்கு மேல் பரப்பும், பத்து விழுக்காட்டுக்கு மேல் மர நிழலும் இருந்தால் அது காட்டுப் போர்வை. யார் நிலம், என்ன மரம் என்று பார்ப்பதில்லை. தென்னந்தோப்பும் அதில் சேரும். தோப்பு காடாகவும், நரி இருக்கும் புல்வெளி தரிசாகவும் ஆகிறது. சேட்டிலைட் மேல் குற்றமில்லை. அது நிறத்தைத்தான் அனுப்புகிறது, பெயர் வைக்கிறவர்கள் மனிதர்கள்.

ஏத்தன்வாழை, செவ்வாய் காலை

களக்காடு. ஏத்தன் வாழை போடுகிறேன். எனக்கு இந்தப் படம் எப்படி உதவியது என்று சொல்கிறேன்.

காட்டுப்பன்றி ஒரே ராத்திரியில் நாற்பது கன்றைக் கிளறிவிட்டுப் போகும். காட்டுக்குப் பக்கத்து வயலில்தான் சேதம் அதிகம் என்று எல்லாரும் சொல்வார்கள். நானும் பக்கத்து வயல்காரர்கள் ஐந்து பேரும் இரண்டு பருவம், சேதமான ஒவ்வொரு இடத்திலும் நின்று போனில் குறித்துவைத்தோம். என் மருமகன் அதை ஏப்ரல் மாதச் சேட்டிலைட் படத்தின் மேல் போட்டுக் காட்டினான். புள்ளிகள் மலையோரமாக வரிசை கட்டவில்லை. ஒரு ஓடையை ஒட்டி வளைந்து வளைந்து ஊருக்குள் வருகின்றன. சுற்றிலும் எல்லாம் காய்ந்து வெளுத்திருக்கிற மாதத்தில் அந்த ஓடை மட்டும் பச்சைக் கோடு. முழுக்கச் சீமைக்கருவேல். பகலில் பன்றி அதற்குள்ளேயே படுத்துக் கிடந்திருக்கிறது, மலையிலிருந்து தினமும் இறங்கி வரவில்லை.

ஓடையில் எங்கள் வயலை ஒட்டிய பகுதியை மட்டும் ஆறு பேரும் சேர்ந்து அனுமதி வாங்கிச் சுத்தம் செய்தோம். அந்தப் பருவம் எனக்குச் சேதம் பாதிக்குப் பாதி குறைந்தது. எல்லா இடத்துக்கும் இது பொருந்துமா என்று தெரியாது, எங்கள் ஓடைக்குப் பொருந்தியது.

பொதிகைச்சாரல், செவ்வாய் மதியம்

ஏத்தன்வாழை அண்ணாச்சி, ஏப்ரல் படத்தை எடுத்த உங்கள் மருமகனுக்கு என் பாராட்டைச் சொல்லுங்கள். மழைக்காலப் படத்தில் எல்லாமே பச்சை, ஒன்றும் பிரியாது. சித்திரையில் நாட்டுச் செடிகள் இலை உதிர்த்துவிடும், சீமைக்கருவேல் பச்சையாகவே நிற்கும். டிசம்பர் படம், ஏப்ரல் படம் இரண்டையும் வைத்துத் தண்ணீர் பாயும் தோப்பு, வயலைக் கழித்துவிட்டால் மிச்சம் பெரும்பாலும் அதுதான்.

முல்லைநிலம், செவ்வாய் மதியம்

ஒரு சின்ன எச்சரிக்கை. அப்படிப் பிரித்த படத்தை வைத்துக்கொண்டு குளத்துக்குள் நிற்கும் சீமைக்கருவேலையும் ஒட்டுமொத்தமாக வெட்டக் கிளம்பிவிடக்கூடாது. நாட்டுக்கருவேல் அழிந்துபோன குளங்களில் நாரையும் கொக்கும் இப்போது அதன் மேல்தான் கூடு கட்டுகின்றன. தண்ணீருக்குள் நிற்பதை விட்டுவைத்து, பக்கத்தில் நாட்டுக்கருவேல் நட்டு, அது வளர்ந்த பிறகு எடுக்கலாம்.

மேலக்காடு, செவ்வாய் இரவு

எல்லாரும் ஆர்வமாகப் பேசுகிறீர்கள். எனக்குப் பயம்தான் வருகிறது. பாபநாசத்துக்கு மேலே காணிக்காரப் பழங்குடிகளின் குடியிருப்புகளுக்குப் பல வருடமாகப் போய்வருகிறேன். மேலிருந்து எடுத்த படத்தில் மர நிழலுக்குள் இருக்கும் குடிசை தெரியாது, மிளகுக் கொடி தெரியாது, தேன் எடுக்கும் பாறை தெரியாது. தெரியாததை ஆள் இல்லாத காடு என்று எழுதிவிடலாம். ஆட்டுக்காரர்கள் நிலைமையும் அதுதான். வரைபடம் யார் கையில் இருக்கிறதோ அவர்கள் பேச்சுத்தான் எடுபடும்.

கண்ணிச்சங்கிலி, செவ்வாய் இரவு

மேலக்காடு சொல்வதை மறுக்க மாட்டேன். ஆனால் அதற்கு மருந்தும் வரைபடம்தான். 2006 வன உரிமைச் சட்டத்தில் சமூக உரிமை கேட்கும்போது கிராம சபையே எல்லையை வரைந்து கொடுக்கலாம். பாறைக்கு அவர்கள் வைத்த பெயர், ஓடைக்கு அவர்கள் வைத்த பெயர் எல்லாம் அந்தப் படத்தில் ஏற வேண்டும். பெயர் எழுதிய படத்தை ஒதுக்கித் தள்ளுவது கஷ்டம். நான் பணியில் இருந்தபோது, கல் பெயரைச் சொல்லக்கூடிய ஒரு கிழவர் ஊரில் இருந்தால் பாதி வேலை முடிந்த மாதிரி.

மேலக்காடு, புதன் காலை

ஐயா சொல்வது சரி. ஆனால் முதலில் அவர்களை உட்காரவைத்துக் கேட்க வேண்டும், அப்புறம்தான் கம்ப்யூட்டரைத் திறக்க வேண்டும். இந்த வரிசை மாறினால் எனக்குச் சம்மதமில்லை.

மலைக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. மாஞ்சோலைப் பக்கம் தேயிலையும் சோலைக்காடும் பச்சைக் குறியீட்டில் (இலையின் பச்சையை அளக்கிற கணக்கு) கிட்டத்தட்ட ஒன்றுபோலத்தான் வருகின்றன. சோலைமந்திக்கு அவை ஒன்றா? அது கிளைவிட்டுக் கிளை தாவி வெடிப்பலாப் பழம் தின்கிற பிராணி, தேயிலைக்குள் இறங்கிப் பிழைக்காது.

பொதிகைச்சாரல், புதன் மதியம்

உண்மை. குறியீடு ஒரு அளவுக்கு மேல் ஏறாது, இடுப்புயரச் செடியும் முப்பது மீட்டர் மரமும் ஒரே எண்ணைக் காட்டும். அதற்கு உயரம் அளக்கிற கருவி வேண்டும். 2018 டிசம்பரில் விண்வெளி நிலையத்துக்கு அனுப்பிய கெடி என்ற லேசர் கருவி, 25 மீட்டர் அகல வட்டம் வட்டமாக மர உயரத்தை அளந்து தருகிறது. முழுப் படமாக வராது, வரிசையான புள்ளிகளாகத்தான் வரும். தேயிலையையும் சோலையையும் பிரிக்க அது போதும்.

மணிமுத்தாத்துக்காரி, புதன் இரவு

குளத்தாங்கரை, ஒரு விஷயம் யாரும் சொல்லவில்லை. இங்கே மணிமுத்தாறில் ஏட்ரீ என்ற ஆய்வு அமைப்பின் அகத்தியமலை மக்கள்சார் இயற்கைவளக் காப்பு மையம் 2011 முதல் தாமிரபரணி நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு நடத்துகிறது, தைப்பொங்கலை ஒட்டி. மாணவர்கள், ஊர்க்காரர்கள் எல்லாரும் சேர்ந்து குளம் குளமாகப் போய் எண்ணுவோம். உங்கள் பக்கத்துக் குளங்களும் அதில் வரும். பறவை எண்ணிக்கையையும் உங்கள் தண்ணீர்ப் பரப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். தண்ணீர் மட்டும் சொன்னால் "தண்ணீர்தானே" என்பார்கள்.

முல்லைநிலம், பூனைப்பருந்து அடையும் இடத்தின் சரியான இடக்குறிப்பைப் பொதுவில் எங்கும் போட்டுவிடாதீர்கள். கூட்டுக்கும் அழுங்கு (எறும்புதின்னி) பொந்துக்கும் அதே விதிதான்.

குளத்தாங்கரை, அடுத்த ஞாயிறு இரவு

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. இன்று காலையில் குளத்துக்குள் இறங்கிவிட்டேன், அதைச் சொல்லத்தான் வந்தேன்.

ஆடு மேய்க்கிற என் பெரியப்பாவும் வந்தார். ஆறு மணிக்கெல்லாம் மறுகாலில் நின்றோம். ஐயா சொன்ன மாதிரி சுவரின் இரண்டு முனை, மடைத்தூண், பாலம் எல்லாவற்றிலும் பத்துப் பத்து நிமிடம் நின்று குறித்தேன். எல்லைக் கல் எங்கே என்று எனக்குத் தெரியவில்லை. பெரியப்பா நேராக ஒரு கள்ளிப் புதருக்குப் போய், கம்பால் மண்ணைத் தள்ளி, தலை மழுங்கிய கல்லைக் காட்டினார். சின்ன வயதில் அதன் மேல் உட்கார்ந்துதான் சாப்பிடுவாராம்.

அப்புறம் படத்தில் காய்ந்த தரை என்று வந்த இடத்துக்குள், ஒரு மூங்கில் கம்பில் சாணுக்கு ஒரு கோடு போட்டுக்கொண்டு இறங்கினேன். ஆகாயத்தாமரையை ஒரு கொத்து தூக்கினால் கை வலிக்கிறது, அவ்வளவு கனம். வேர் கறுத்த சடை மாதிரி ஒரு முழத்துக்குத் தொங்குகிறது, அதில் சின்ன நத்தைகளும் கண்ணாடி மாதிரி இறால் குஞ்சுகளும் ஒட்டியிருந்தன. அடியில் தண்ணீர் மூன்று சாண். இலைமேல் நீளக் காலை அகட்டி அகட்டி இலைக்கோழி ஒன்று நடந்துபோனது.

அதே நேரத்தில் நாரைக் கூட்டம் வந்தது. குளத்தை ஒரு வட்டம் அடித்தது. இலை மூடிய பக்கம் ஒன்றுகூட இறங்கவில்லை. மறுகால் ஓரத்தில் ஒரு ஏக்கர் இருக்குமோ என்னவோ, திறந்த தண்ணீரில் மொத்தமும் இறங்கி நெருக்கி நின்றன. அலகைத் தண்ணீருக்குள் பாதி திறந்து வைத்துக்கொண்டு நடந்து, மீன் வந்து முட்டினால் கவ்வுகிற பறவை அது. இலையும் வேரும் அடைத்துக் கிடந்தால் எங்கே அலகை விடும்?

பெரியப்பா அப்போது சொன்னார்: "நாரைக்கு இந்தப் பக்கம் வற்றித்தான் போச்சு."

போன வாரம் அந்தப் படத்தைத் தப்பு என்று நினைத்தேன். மடையைக் கேட்டால் குளத்தில் தண்ணீர் இருக்கிறது. நாரையைக் கேட்டால் முக்கால் குளம் இல்லை. இரண்டையும் தனித்தனி நிறத்தில் வரைய வேண்டும் என்று இப்போது புரிகிறது. பொதிகைச்சாரல் சொன்ன நாலு வகையும் அப்படியே வைத்துக்கொள்கிறேன், "நாரைக்கு ஆகும் தண்ணீர்" என்று ஐந்தாவதாக ஒன்றைச் சேர்க்கிறேன். திறந்திருக்க வேண்டும், முழங்காலுக்குக் கீழே இருக்க வேண்டும். ஆழத்துக்குக் கம்பு வைத்துத்தான் அளக்க வேண்டும், படம் அதைச் சொல்லாது.

மனுவையும் மாற்றி எழுதுகிறேன். தண்ணீரை நிறுத்திவையுங்கள் என்று மட்டும் கேட்டால் குத்தகைக்காரருக்கு நஷ்டம். ஆகாயத்தாமரையை மாசிக்குள் அகற்றிக் கொடுத்தால் அவருக்கும் வலை வீசச் சுலபம், மீனும் கூடும், மடையைத் திறக்காமலே பிடிக்கலாம். இன்று சாயங்காலம் அவரிடமே பேசினேன். "படத்தைக் கொண்டாங்க, பாப்போம்" என்றார். இத்தனை வருடத்தில் அவர் வாயிலிருந்து இப்படி ஒரு வார்த்தை வருவது முதல் தடவை.

கண்ணிச்சங்கிலி, ஞாயிறு இரவு

தம்பி, கல்லைக் கண்டுபிடித்தது பெரிய காரியம். உங்கள் பெரியப்பாவிடம் கேளுங்கள், அந்தக் கல்லுக்கு நேர் கிழக்கே இன்னொன்று இருக்க வேண்டும், அனேகமாகக் கரைக்கு வெளியே. மனு கொடுப்பதற்கு முன் எல்லையை ஒரு தடவை நான் சரிபார்த்துத் தருகிறேன். வெள்ளிக்கிழமை காலை பஸ்ஸில் வருகிறேன். வீட்டில் பழைய சங்கிலி கிடக்கிறது, அதையும் கொண்டு வருகிறேன்.

குளத்தாங்கரை, ஞாயிறு இரவு

வாங்க ஐயா. பஸ் ஸ்டாண்டில் நிற்கிறேன். சாப்பாடு எங்கள் வீட்டில்தான்.